அயினி மரத்து இருவாச்சி

பிப்ரவரி 8

வந்து சேர்ந்தாயிற்று. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இருபத்தேழாவது வளைவில் காலையில் தின்ற இட்லி வெளியே வந்துவிட்டது. வால்பாறையில் இறங்கி, ஜீப்பில் இன்னும் முக்கால் மணி நேரம்.

விடுதி முதலாளி சடையப்பன் மாலை போடாத குறையாக வரவேற்றார். ஆனால் எனக்கு ஒதுக்கியிருப்பது விடுதியில் அறை இல்லை. தேயிலைக்கு நடுவே, எஸ்டேட் கிளார்க் யாரோ இருந்து காலி செய்த பழைய குவார்ட்டர்ஸ். "ஆர்ட்டிஸ்டுன்னா அமைதி வேணுமில்லீங்களா" என்றார். வேண்டும்தான். கதவு ஒழுங்காகச் சாத்துகிற அமைதியாக இருந்தால் இன்னும் நன்றாயிருக்கும்.

வேலை இதுதான்: வரவேற்பறைச் சுவருக்கு ஆறடிக்கு நாலடியில் ஓர் ஓவியம். மழைக்காட்டில், தான் கூடு வைத்த மரத்தில் இருவாச்சிப் பறவை. மார்ச் 24 விடுதித் திறப்பு விழா. அதற்குள் சுவரில் ஏறியாக வேண்டும்.

சமையலுக்குத் தேவகி என்ற பெண் வருகிறாள். பக்கத்துக் காடர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவள். ரசத்தில் மிளகு தூக்கல். நன்றாகத்தான் இருக்கிறது, சொல்லவில்லை.

பிப்ரவரி 9

இந்த வேலையை ஏன் ஒப்புக்கொண்டேன் என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

முப்பத்திரண்டு வருடம் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு கோவையில் சொந்தமாக ஒரு கண்காட்சி வைத்தேன். நாலு வருடம் ஆகிறது. திறப்பு நாளில் பல் டாக்டர் பூபதி வந்தார். ஊரில் பறவை பார்ப்பவர்களுக்கெல்லாம் அவர்தான் பெரிய தலை. என் இருவாச்சிப் படத்துக்கு முன்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டார். "வாத்தியாரே, பெட்டைக்குச் சிவப்புக் கண்ணு வெச்சிருக்கீங்க. ஆணுக்குத்தான் சிவப்பு. பெட்டைக்கு வெள்ளை. உக்காந்திருக்கிறது வேற தைல மரத்துல. இது பறவை இல்லீங்க, காலண்டர்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மருமகனும் சிரித்தான். படத்தை அன்றே கழற்றிப் பரணில் போட்டேன்.

அன்றிலிருந்து ஓர் இலையைக்கூட நேரில் பார்க்காமல் வரைவதில்லை. சடையப்பன் விழாவுக்கு டாக்டர் பூபதியையும் அழைக்கப் போகிறாராம். கேட்டதும் பாதி சம்பளத்துக்கே ஒப்புக்கொண்டிருப்பேன்.

பிப்ரவரி 10

தேவகியின் கணவன் மணியன் கூடு காவலனாம். பறவைகளைக் காப்பாற்றும் ஓர் அறக்கட்டளை மாதச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது. தேயிலைக்கு நடுவே மிஞ்சியிருக்கும் துண்டுக்காடுகளில் இருவாச்சிக் கூடுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"அவரு யாரையும் கூட்டிட்டுப் போகமாட்டாருங்க சார்" என்றாள் தேவகி. நான் என் பழைய பாடப்புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். அவர்கள் பெண் அதில்தான் படித்தாளாம்.

பிப்ரவரி 12

மணியன் வந்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. உள்ளே வரச் சொன்னேன், படியிலேயே உட்கார்ந்தான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

"மீன்கொத்தி நல்லாருக்குங்க சார். இருவாச்சி நல்லால்ல."

"அதுக்குத்தான் நேர்ல பாக்கணும்கிறேன்."

பிறகு நிபந்தனைகள் போட்டான். வெள்ளைச் சட்டை கூடாது. சென்ட் கூடாது. போட்டோ கூடாது. அவன் காட்டுகிற மறைவை விட்டு ஓர் அடி நகரக்கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

"இன்னொண்ணு சார். படத்துல பறவய எப்படி வேணாலும் போட்டுக்குங்க. மரத்த மட்டும் மாத்திப் போட்ருங்க. மரம், பாறை, ஓடை எதுவும் அடையாளம் தெரியக்கூடாது. இது காப்புக்காடு இல்ல, எஸ்டேட்டுக்காரங்க காடு. ஆளுங்க வந்தா என்னால தடுக்க முடியாது."

சரி என்றேன்.

பிப்ரவரி 13

பார்த்தேன்.

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, எஸ்டேட் சாலையில் மூன்றாவது வளைவில் இறங்கி, தேயிலைக்குள் புகுந்து, ஓடையைத் தாண்டி, ஒரு சோலைக்குள். அயினி மரம், காட்டுப் பலா இனம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். இடி விழுந்து ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை கரிந்த கோடு. ஒடிந்த கிளை ஒன்று மடக்கிய முழங்கை போல நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலேதான் பொந்து. பின்னால் இரட்டைப் பாறை, நடுவில் ஓடை இரண்டாகப் பிரிகிறது.

பெண் பறவை உள்ளே போய்ப் பத்து நாளாகிறதாம். வாசலைத் தன் எச்சத்தாலும் பழச் சக்கையாலும் பூசி மூடிக்கொண்டு, ஒரு கீற்று மட்டும் விட்டிருக்கிறது. இனி இரண்டு மாதத்துக்கு மேல் அதற்கு வெளியே வேலையில்லை. இறக்கைச் சிறகுகளையும் உதிர்த்துவிடுமாம். ஆண்தான் கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

ஏழரைக்கு ஆண் வந்தது. கண்ணுக்கு முன்னால் காதுக்கு வந்தது. ஈரப் போர்வையை யாரோ தலைக்கு மேலே உதறுகிற சத்தம். முழங்கைக் கிளையில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தது. பிறகு மரத்தோடு ஒட்டிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஆலம்பழம் ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கீற்றுக்குள் கொடுத்தது. உள்ளேயிருந்து ஓர் அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. மணியன் சத்தமில்லாமல் விரல் மடக்கி எண்ணினான். முப்பத்தொன்று.

அறுபத்து மூன்று வயதில் எனக்குக் கண் கலங்கியது. மணியன் கண்டும் காணாததுபோல் இருந்தான்.

"இந்த ஆணுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

"உள்ள இருக்கறதுங்க பட்டினிதான் சார். பொட்டையால பறக்க முடியாது."

பிப்ரவரி 17

மரத்தடிக்குப் போவது நாலாவது முறை. கழுத்தின் மஞ்சள் கை வரவில்லை. அந்த மஞ்சள் இறகின் நிறம் இல்லையாம். வாலடியில் சுரக்கிற எண்ணெயை அலகால் எடுத்துப் பறவையே பூசிக்கொள்கிறது. அதனால்தான் ஓர் இடத்தில் அழுத்தமாகவும் ஓர் இடத்தில் தேய்ந்தும் இருக்கிறது. ஆக, அதுவும் தினமும் வர்ணம் பூசுகிற ஆசாமிதான். மணியனிடம் சொன்னேன், முதன்முறையாகச் சிரித்தான்.

அவனுடைய அப்பா காலத்தில் கூட்டிலிருந்து குஞ்சை எடுத்துத் தின்பார்களாம். "நானும் ஏறிருக்கேன் சார், பதினாலு வயசுல. நல்லாத்தான் இருந்துச்சு" என்றான், எந்தக் கூச்சமும் இல்லாமல். "இப்ப எண்ணிப் பாத்தா, நான் காப்பாத்துனது தின்னதுக்குச் சரியாப் போச்சு. இந்த வருசத்துலருந்து லாபம்."

"குஞ்சை நான் ஒரு தடவை பாத்துடணும் மணியா. புத்தகத்துல இருக்கிற போட்டோ எதுவும் உருப்படியா இல்ல."

"அது வெளிய வர்ற வரைக்கும் யாரும் பாக்க முடியாதுங்க. அப்பப் பெருசாயிருக்கும்."

பிப்ரவரி 21

கேன்வாஸ் அடித்து முடித்தேன். ஆணி வாங்க ஜீப்புக்குக் காத்திருந்து அரை நாள் போயிற்று. தேவகி கீரை கடைந்திருந்தாள்.

மார்ச் 2

ஆண் பறவை முடிந்தது. சிவப்புக் கண். இந்த முறை யாரும் வாயைத் திறக்க முடியாது.

மார்ச் 5

மரத்தை மாற்றினேன். கரிந்த கோடு இல்லை, முழங்கைக் கிளை இல்லை. பாறைக்குப் பதில் மூங்கில்.

மார்ச் 6

காலையில் எழுந்து பார்த்தால் வயிறெரிகிறது. பறவை உயிரோடு இருக்கிறது, மரம் தட்டி விளம்பரத்தில் வருகிற மரம் மாதிரி நிற்கிறது. மூங்கிலுக்குப் பக்கத்தில் இருவாச்சி கூடு வைக்குமா? பூபதி முதலில் கேட்கப் போவது அதைத்தான். மறுபடியும் காலண்டர் என்பார்.

ஈரத்துணியால் மூங்கிலைத் துடைத்தேன். அக்ரிலிக் வர்ணம் காய்ந்துவிட்டிருந்தது. மேலே வெள்ளை அடிக்க வேண்டியதாயிற்று.

மார்ச் 9

அயினி, அயினியாகவே வந்துகொண்டிருக்கிறது. கரிந்த கோட்டுக்கு மூன்று வகைக் கறுப்பு தேவைப்பட்டது. இவ்வளவு நன்றாக நான் எதையும் வரைந்ததில்லை.

ஒரு மரத்தைப் படத்தில் பார்த்துக் காட்டில் கண்டுபிடிக்க யாரால் முடியும்? இந்த மலையில் எத்தனை ஆயிரம் மரம். மணியன் காட்டுக்காரன், அவனுக்கு ஒவ்வொன்றும் தனி முகமாகத் தெரியும். மற்றவர்களுக்கு எல்லாம் பச்சை. மேலும், யோசித்துப் பார்த்தால், நான் அன்று சரி என்று வாய்விட்டுச் சொன்னதாக ஞாபகம் இல்லை. தலையாட்டியிருப்பேன்.

மார்ச் 13

மணியன் கேட்டானாம், படத்தை எப்போது பார்க்கலாம் என்று. வார்னிஷ் காயவில்லை என்று தேவகியிடம் சொல்லியனுப்பினேன். வார்னிஷ் இன்னும் அடிக்கவே இல்லை.

மார்ச் 15

பழைய வேட்டியால் படத்தை மூடி வைத்திருந்தேன். குளித்துவிட்டு வந்தால் வேட்டி தரையில் கிடக்கிறது, தேவகி துடைப்பத்தோடு படத்துக்கு முன்னால் நிற்கிறாள். காற்றில் விழுந்ததாம்.

"எப்படியிருக்கு?" என்றேன்.

"அப்படியே இருக்குங்க சார்."

வேட்டியை எடுத்து உதறிக்கொண்டே, "எங்க வீட்டுக்காரரு பாத்தாருங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல. முடிச்சிட்டு நானே காட்டறேன்."

பெருக்கி முடித்துப் போனாள். இன்று ரசத்தில் உப்பே இல்லை.

மார்ச் 17

மாலை மணியன் வந்தான். காரணம் எதுவும் சொல்லவில்லை. ஒரு சிறு பாட்டிலில் தேன் கொண்டுவந்திருந்தான். படியில் உட்கார்ந்து, பெண்ணுக்குப் பொள்ளாச்சியில் காலேஜ் ஹாஸ்டல் கிடைத்தது, குடியிருப்பில் யானை வந்து வாழையைத் தின்றது என்று என்னென்னவோ பேசினான். இவ்வளவு பேசுகிறவன் இல்லை. நடுநடுவே நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு நிம்மதி.

எழுந்து போகும்போது, "வேற எதும் சொல்லணுங்களா சார்?" என்றான்.

"என்ன சொல்லணும்? தேன் நல்லாருக்கு" என்றேன்.

ஒரு மணி நேரம் வீணாகப் போயிற்று.

மார்ச் 20

குஞ்சு பொரித்துவிட்டது. மரத்தடியில் நின்றால் கீச்சென்று சத்தம் கேட்கிறதாம். தேவகிதான் சொன்னாள். மணியன் வரவில்லை. ஆண் பறவை இப்போது பழத்தோடு ஓணானும் வெட்டுக்கிளியும் கொண்டுவருகிறதாம்.

வார்னிஷ் அடித்தேன்.

மார்ச் 24

விழா. பட்டு வேட்டி கட்டினேன்.

துணியை விலக்கியதும் கூடத்தில் ஒரு நொடி பேச்சு நின்றது. அந்த ஒரு நொடிக்காகத்தான் நாலு வருடம். டாக்டர் பூபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். கண், அலகு மேல் கொண்டை, கழுத்து மஞ்சள், பொந்தின் பூச்சு, கீழே எச்சம் வழிந்த கோடு, எல்லாவற்றையும் எக்ஸ்ரே பார்ப்பதுபோலப் பார்த்தார். திரும்பி என் கையைப் பிடித்தார். "வாத்தியாரே, ஒரு தப்பு இல்லீங்க. ஒண்ணுகூட இல்ல" என்றார். எல்லார் முன்னாலும்.

விடுதி ஜீப் டிரைவர் ஒருவன் பின்னாலிருந்து, "இது நம்ம எஸ்டேட் ரோட்டு ரெட்டப்பாறை மாதிரில்ல இருக்கு!" என்று கத்தினான். கூட்டம் கை தட்டியது. நான் சிரித்தேன், அவ்வளவுதான்.

சடையப்பன் என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். கேசரியில் நெய் மிதந்தது. மணியனுக்கும் தேவகிக்கும் அழைப்பு இல்லை போலிருக்கிறது.

மார்ச் 25

ஊருக்குப் போயிருக்க வேண்டும். சடையப்பன் அறைகளுக்குச் சின்னச் சின்னப் படங்கள் கேட்கிறார். ஏப்ரல் பாதி வரை இருக்கலாம் என்கிறார். சரி என்றேன்.

மார்ச் 29

விடுதியில் கூட்டம். பாதிப் பேர் தோளில் பீரங்கி மாதிரி கேமரா. ஜீப்புகள் காலையில் ஐந்தரைக்கே கிளம்புகின்றன. மூன்றாவது வளைவில் நாலு ஜீப் நின்றதை நடைப்பயிற்சியில் பார்த்தேன். காட்டெருமை பார்க்கப் போயிருப்பார்கள்.

மார்ச் 31

வரவேற்பறையில் என் படத்துக்குக் கீழே ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள்: "இந்தக் கூட்டை நேரில் காண வரவேற்பாளரை அணுகவும்."

சடையப்பனிடம் எடுத்துச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "உங்க படத்துக்குப் பெருமைதானுங்களே" என்றார். வாடகை வாங்காமல் தங்க வைத்திருக்கிற மனுஷனிடம் எவ்வளவு தூரம் பேசுவது?

ஏப்ரல் 2

தேவகியைக் கேட்டேன். காலையில் பதினைந்து பேர் மரத்தடியில் நின்றார்களாம். மணியன் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான். ஒருவர் அவனைக் கூட்டோடு சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டாராம்.

"ஆம்பளப் பறவ வந்துச்சா?"

"வருதுங்க. சுத்துது. எறங்காமப் போயிருதுங்க."

ஏப்ரல் 4

ட்ரோன் சத்தம் இங்கே வரை கேட்டது. குளவிக் கூட்டைக் கலைத்தது போல ஒரு ரீங்காரம். கதவைச் சாத்தினேன். சாத்தவில்லை, இந்தக் கதவு சாத்தாது.

ஏப்ரல் 5

மரத்துக்குப் போகலாம் என்று கிளம்பினேன். ஓடை வரை போனேன். சோலைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மணியன் அங்கே இருப்பான் என்று தோன்றியதும் கால் நின்றுவிட்டது. முட்டி வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். முட்டியில் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 8

மழை. அட்டை ஏறுகிறது. தேவகி நனைந்துகொண்டு வந்தாள். பெண் பறவை பூச்சை உடைத்துக்கொண்டு நேற்று வெளியே வந்துவிட்டதாம். பசி தாங்கவில்லை. சிறகு பாதிகூட முளைக்காமல், கிளையிலிருந்து கிளைக்கு விழுந்து விழுந்து போனதாம். குஞ்சு உள்ளேயே இருக்கிறது. வாசல் திறந்து கிடக்கிறது.

"ஆண் ஊட்டுமில்ல?"

"நேத்திக்குக் காலைலருந்து வரலீங்க."

"குஞ்சை எடுத்து வளர்க்க முடியாதா?"

அவள் சோற்றை வடித்தாள்.

ஏப்ரல் 10

காலை எட்டு மணி. மணியன் வந்தான். படியில் உட்காரவில்லை. முதல்முறையாக வீட்டுக்குள் வந்து, என் மேஜையில், தூரிகைகளை ஒதுக்கிவிட்டு, ஒரு துண்டை வைத்துப் பிரித்தான்.

குஞ்சு.

"பாக்கணும்னு கேட்டீங்களே சார். பாத்துக்குங்க. நெறம் மாறுறதுக்குள்ள பாத்துக்குங்க."

கோபமே இல்லாமல் சொன்னான். இரண்டு நாள் கீழே காத்திருந்து, பெற்றவை இரண்டும் வராது என்று தெரிந்த பிறகு இன்று காலை மரமேறியிருக்கிறான். கையெல்லாம் சிராய்ப்பு. ஏறும்போது உயிர் இருந்ததா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. என்ன பதில் வந்தாலும் நான் அதைத் தாங்கமாட்டேன்.

அவன் போய்விட்டான். துண்டை அங்கேயே விட்டுவிட்டான்.

எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை. முதலில் நான் பார்த்தது நிறத்தைத்தான். வெளிறிய ரோஜா நிறத் தோல், வயிற்றுப் பக்கம் நீலம் ஏறத் தொடங்கியிருந்தது. முதுகில் குண்டூசி மாதிரி சிறகு முளைகள். கொண்டை இல்லாத மெல்லிய அலகு. பாதித் திறந்த கண். கை தானாகப் பென்சிலை எடுத்தது. ஒன்பதரைக்குள் மூன்று படம் போட்டுவிட்டேன். மூன்றும் பிரமாதம். பிறகுதான் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

வீட்டுக்குப் பின்னால் புதைத்தேன். துண்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 12

தேவகி வந்தாள். துண்டை மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

"அவரு அன்னிக்குத் தேன் கொண்டாந்தாரே சார், ஞாபகம் இருக்குதுங்களா? நான் படத்தப் பாத்த கதைய அவருகிட்டச் சொல்லிட்டேன். சண்டை போடச் சொன்னேன். 'அவரு படிச்சவரு, பெரியவரு, நாமளாக் கேட்டா சங்கடப்படுவாரு. போயி உக்காந்தா அவரே சொல்லுவாரு, மாத்திருவாரு'ன்னு சொல்லிட்டு வந்தாரு."

நான் மேஜையில் தூரிகைகளை நேராக அடுக்கினேன்.

"ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாராம்" என்றாள்.

நாளையிலிருந்து சமையலுக்கு வரமாட்டாளாம்.

ஏப்ரல் 13

அறக்கட்டளை அலுவலகத்திலிருந்து சுகந்தி என்ற பெண் போன் செய்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். இத்தனை வருடத்தில் இந்தப் பக்கம் ஒரு கூடுகூட ஆள் நடமாட்டத்தால் கெட்டதில்லையாம். கூட்டுக்கு வழி மணியனைத் தவிர யாருக்கும் தெரியாதாம். அவனே விடுதி ஆட்களைக் கூட்டிப் போயிருப்பான் என்று விடுதியில் சொல்கிறார்களாம்.

"அவரக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறாருங்க சார். நீங்க அங்கதான இருக்கீங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுங்களா?"

மணியன் என் பெயரைச் சொல்லவில்லை. என்னைக் கூட்டிப் போனதை அவன் சொல்லவே இல்லை.

"நான் படம் வரையறவன்மா. எனக்கு அதெல்லாம் தெரியாது" என்றேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. விடுதியிலிருந்து பாயசம் அனுப்பினார்கள். அப்படியே இருக்கிறது, எறும்பு மொய்க்கிறது.

ஏப்ரல் 16

கோவை. வீடு தூசி. வளைவுகளில் இந்த முறை வாந்தி வரவில்லை.

ஏப்ரல் 21

மணியனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சடையப்பன்தான் போனில் சொன்னார், சும்மா ஊர்ச் செய்தி போல. அயினி மரத்துக்கு இப்போது யாரும் போவதில்லையாம், பார்க்க ஒன்றும் இல்லையே. "வேற கூடு ஏதாச்சும் உங்களுக்குத் தெரியுங்களா வாத்தியாரே? அடுத்த சீசனுக்கு ஒரு படம் போட்ரலாம்" என்றார். போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பயத்தில் வைத்தேன்.

ஏப்ரல் 23

மார்ச் 24-ஆம் தேதிக் குறிப்பைத் திருப்பிப் படித்தேன். "நான் சிரித்தேன், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. இதிலேயே பொய் எழுதியிருக்கிறேன் என்றால் நான் எப்பேர்ப்பட்ட ஆள்.

நடந்தது இதுதான். டிரைவர் அப்படிக் கத்தியதும் அவன் பக்கத்தில் நின்ற இன்னொரு டிரைவர், "அங்க ஏதுடா அந்த மாதிரி மரம்? இது அவரா கற்பனையாப் போட்டது" என்றான். டாக்டர் பூபதி என்னைத் திரும்பிப் பார்த்தார். "கற்பனையா வாத்தியாரே?" என்றார். அவர் குரலில் அந்தப் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "கற்பனையா? என் கண்ணால பாத்த மரம். எஸ்டேட் ரோட்டுல மூணாவது வளைவு, இறங்கித் தேயிலைக்குள்ள போய் ஓடையைத் தாண்டினா நேரா அங்கதான் போய் நிப்பீங்க. வேணும்னா போய்ப் பாத்துட்டு வந்து பேசுங்க" என்றேன். மைக் என் கையில் இருந்தது. கூடம் முழுக்கக் கேட்டது. அதற்குத்தான் கை தட்டினார்கள்.

படத்தைப் பார்த்து யாரும் மரத்தைக் கண்டுபிடிக்கவில்லை. நான் வழி சொன்னேன்.

ஏப்ரல் 24

சுகந்திக்குக் கடிதம் எழுதினேன். நாலு பக்கம். நிபந்தனை, நான் சரி என்று வாய்விட்டுச் சொன்னது, மூங்கிலை அழித்தது, தேன் பாட்டில், மைக், எல்லாம். மணியன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று முடித்தேன். எழுதி முடித்ததும் மனசு லேசாகி, ஒரு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 25

திரும்பப் படித்தேன். இது அறக்கட்டளையோடு நிற்காது. பூபதி அங்கே ஆலோசகராம், கடிதம் அவர் கைக்குப் போகும், நான் வாக்கு மீறிய கதை ஊர் முழுக்கத் தெரியும். மைக்கில் சொன்னது அவருக்கே தெரியும், ஆனால் அவர் வாய் திறக்கவில்லை, கற்பனையா என்று சீண்டியவரும் அவர்தானே. மைக்கை விட்டுவிட்டு இரண்டு பக்கமாக மாற்றி எழுதினேன். படத்தில் மரம் ஓரளவு அடையாளம் தெரியும்படி அமைந்துவிட்டது என்று போட்டேன்.

ஏப்ரல் 27

அமைந்துவிட்டது என்றால் யார் அமைத்தது என்று கேட்பார்கள். மறுபடி எழுதினேன். "மணியன் அவர்கள் நேர்மையானவர், கடும் உழைப்பாளி. அவரை மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். கூடு கெட்டதன் காரணம் எனக்குத் தெரியாது எனினும், நடந்ததற்கு மிகவும் வருந்துகிறேன்." ஐந்து வரி. கையெழுத்து அழகாக வந்திருக்கிறது.

ஓர் இலையைக்கூட விடாமல் வரைந்தவன் நான்.

ஏப்ரல் 28

ஐந்து வரிக் கடிதத்தைத் தபாலில் போட்டேன். நாலு பக்கம் இந்த நோட்டுக்குள் இருக்கிறது. திரும்பி வரும் வழியில் தேன் வாங்கினேன், கடைத் தேன். இனிப்பாகத்தான் இருந்தது.